மலைநாட்டு றக்பிக் கழகங்கள்: தோற்றமும் தேய்வும்

சிற்றூர் விளையாட்டுக் கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றிகளையும் கிண்ணங்களையும் தலைவர்தம் பெயர்களையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். அக்கழகத்துக்கு ஆடுகளம் எவ்வாறு வாய்த்தது, ஆடியோர்க்கு ஓய்வுநேரம் எங்கிருந்து கிடைத்தது, எதிரணி எவ்வழியாக வந்து சேர்ந்தது என்னும் வினாக்களை எழுப்பும்பொழுதே அது சமூக வரலாறாகும் தகைமையைப் பெறுகின்றது. இலங்கையின் மலைநாட்டிலே டிக்கோயா, டிம்புல ஆகிய பகுதிகளில் வளர்ந்த றக்பிக் கழகங்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனைக் கரையிலிருந்து மலைநாட்டை நோக்கும் ஒருவருக்கு இவ்வாராய்ச்சியில் தனிப்பட்ட ஈடுபாடு ஏற்படக் காரணம் உண்டு. சாய்ந்தமருது, காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய ஊர்களில் உதைபந்தாட்டமும் கிரிக்கெற்றும் பெற்ற செல்வாக்கை றக்பி பெறவில்லை. அதே தீவில், ஒரு பகற்பயணத் தொலைவில், தேயிலைச் செடிகள் சூழ்ந்த சின்னஞ்சிறு பட்டினங்கள் நாடறிந்த றக்பி அணிகளைப் பல்லாண்டு காலம் களமிறக்கின. இவ்வேறுபாடு எங்ஙனம் ஏற்பட்டது? இவ்வினாவுக்கு விடை காண முற்படும்போது, ஓர் ஆட்டம் ஊரொன்றில் வேரூன்றுவதற்கும் பட்டுப்போவதற்குமான காரணங்கள் ஒருவாறு தெளிவாகின்றன.

ஆட்டம் வந்த வழி

இங்கிலாந்தின் றக்பிப் பாடசாலையின் பெயரால் வழங்கும் இவ்வாட்டம் 1871இல் அந்நாட்டில் ஒரு சங்கத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதற்கடுத்த ஆண்டிலேயே, 1872ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஓரணியாகவும் ஸ்கொத்லாந்தர், ஐரிஷ்காரர், வேல்ஸ்காரர் மற்றோரணியாகவும் மோதினர். 1873இல் அங்கு ஒரு கழகம் அமைந்தது. ஆயினும் வங்காளத்து வெப்பம் ஆட்டத்துக்கு ஒவ்வவில்லை, உறுப்பினர் குறைந்தனர், சில ஆண்டுகளுள் கழகம் கலைந்தது. வங்கியில் எஞ்சியிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகங்கள் கைப்பிடியாகவும் யானை மூடியின் முடியாகவும் அமைய ஒரு கிண்ணம் செய்வித்து இங்கிலாந்துச் சங்கத்துக்கு அனுப்பினர். இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் இன்றும் போட்டியிடும் கல்கத்தாக் கிண்ணம் அதுவேயாகும். கழகம் மறைந்தது; கிண்ணம் நிலைத்தது. குடியேற்ற நாட்டுக் கழகங்கள் பலவற்றின் கதைக்கு இதனை முன்னுரையெனவே கொள்ளலாம்.

கல்கத்தாக் கிண்ணத்துக்கான முதற்போட்டி நிகழ்ந்த 1879ஆம் ஆண்டிலேயே கொழும்பிலும் உதைபந்தாட்டக் கழகம் என்ற பெயரில் றக்பிக் கழகம் ஒன்று தோன்றி, அவ்வாண்டு யூன் மாத இறுதியில் தன் முதலாவது ஆட்டத்தை ஆடியது. அதனைத் தொடர்ந்து கண்டியிலும் தோட்டப் பகுதிகளிலும் ஆட்டம் பரவியது. 1908இல் இலங்கை றக்பிச் சங்கம் அமைக்கப்பட்டது. கல்கத்தாவில் வேரூன்றாத ஆட்டம் இலங்கை மலைநாட்டில் நிலைபெற்றமைக்குத் தட்பவெப்பம் ஒரு காரணமாகும். தென்மேல் பருவக்காற்று மே தொடக்கம் செப்தெம்பர் வரை மேற்கு மலைச்சரிவுகளில் மழையைப் பொழிகின்றது. 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, குளிரும் தூறலும் நனைந்த புற்றரையும் கொண்ட அச்சூழல் தோட்டத்துரைமாருக்குத் தாயகத்தை நினைவூட்டியிருக்கும். வீழ்த்திப் பிடிப்பதும் வீழ்வதும் இடையறாது நிகழும் ஆட்டத்துக்கு ஈரநிலம் உடலூறு குறைந்ததுமாகும்.

தரவளையும் ரதல்லவும்

தட்பவெப்பம் மட்டும் கழகத்தை உண்டாக்கிவிடாது. டிக்கோயாவிலே தரவளை என்னுமிடத்தில் அமைந்த டிக்கோயா-மஸ்கெலியாக் கிரிக்கெற் கழகம் 1868இல் தோன்றியது. அது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடத் தொடங்கி ஓராண்டே கடந்திருந்தது. அடுத்த ஆண்டில், 1869இல், கோப்பி இலைகளைப் பற்றிய துருநோய் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்து, மலைகளைத் தேயிலைக்கு ஒப்படைத்தது. கழகமோ பயிர் மாற்றத்தையும் தாண்டி நிலைத்தது. கோப்பித் துரைமாருக்குப் பதிலாகத் தேயிலைத் துரைமார் அங்கு கூடினர்.

டிம்புலப் பகுதியினருக்கு, நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையே உள்ள ரதல்லவில், டிம்புல மெய்வல்லுநர் கிரிக்கெற் கழகம் அமைந்தது. ஊவாவினர் பதுளையிலும், களனிப் பள்ளத்தாக்கு இறப்பர்த் தோட்டத்தினர் அவிசாவளையை அடுத்த தல்துவவிலும் கூடினர். இவ்விடங்களுள் சில பட்டினம் என்ற பெயருக்குக்கூட உரியனவல்ல. சமதரையாக்கப்பட்ட ஒரு மைதானம், கழக மனை, சுற்றிலும் தேயிலை, அவ்வளவே. மைல்கணக்கில் இடைவெளி விட்டுத் தனித்தனிப் பங்களாக்களில் வாழ்ந்த ஐரோப்பியர்க்கு வார இறுதியில் தம்மினத்தாரைக் காணும் இடமாகவே கழகம் பயன்பட்டது. ஆட்டமும் மதுவும் நடனமும் அங்கே ஒன்றுகூடின. இளைய துரைமார் தம்மை மேலதிகாரிகளுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும் களமாகவும் அது விளங்கியது.

கழகங்களுக்கிடையே போட்டி நிகழ்வதற்குப் போக்குவரத்து வேண்டும். கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அமைத்த இருப்புப்பாதையே அணிகளையும் ஏற்றிச் சென்றது. 1867இல் கண்டியை அடைந்த பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் நீண்டது. இவ்வாண்டுகளையும் மலைநாட்டுக் கழகங்களின் அமைவிடங்களையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்குத் தேயிலை, இருப்புப்பாதை, றக்பி என்ற மூன்றும் ஒரே வரைபடத்தில் அடங்குதல் புலனாகும்.

ஊதியமில்லா ஆட்டமும் கூலிபெற்ற உழைப்பும்

இவ்வாட்டம் ஊதியம் கருதாது, விருப்பின் பொருட்டே ஆடப்படுவதெனப் போற்றப்பட்டது. அக்கொள்கையின் உட்பொருளை அறிய இங்கிலாந்தின் வடபகுதியை நோக்குதல் வேண்டும். யோக்ஷயர், லங்காஷயர் ஆகிய இடங்களில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் றக்பி ஆடினர். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டுவந்தவர்க்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற வினா எழுந்தது. கனவான்களின் ஆதிக்கத்திலிருந்த சங்கம் மறுத்தது. 1895இல் இருபதுக்கு மேற்பட்ட வடபகுதிக் கழகங்கள் பிரிந்து தனியமைப்பைத் தோற்றுவித்தன. பதின்மூவர் ஆடும் மற்றொரு றக்பி இப்பிரிவிலிருந்து வளர்ந்தது. தாய்ச் சங்கத்தின் வழிவந்த ஆட்டத்தில் ஊதியத்துக்கான தடை 1995 வரை நீடித்தது. ஆகவே, ஊதியமின்மை என்பது ஓய்வுநேரம் உடையவர் எவர் என்பதைத் தீர்மானித்த வேலியாகவும் இருந்தது.

மலைநாட்டில் அத்தகைய வேலி தேவைப்படவில்லை. உழைப்பவர் ஆடுகளத்தை அணுகும் நிலையே அங்கிருக்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார்வழித் திரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளரே காடழித்தனர், செடி நட்டனர், கொழுந்து பறித்தனர். கடனிற் பிணித்து அவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்வழி மேல்மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் கூலியாக வகுக்கப்பட்டன. அக்காலத்தில் தரவளையிலும் ரதல்லவிலும் கழகத்தினுள் ஒரு தமிழர் காலடி வைத்தாரெனின், அவர் சமையற்காரராகவோ பணியாளராகவோ புல்வெட்டுபவராகவோ இருந்திருப்பார்.

துரைமாரின் ஆட்டத்திறனையோ துணிவையோ குறைத்து மதிப்பிடுதல் இங்கு கருத்தன்று. அவர்கள் உண்மையான விருப்போடே ஆடினர். எலும்பு முறிந்தும் ஆடினர். எனினும் அவ்விருப்பு நிறைவேறுவதற்கான நிலமும் நேரமும் வேறொரு கூட்டத்தாரின் உழைப்பிலிருந்து வந்தன என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. அதனாலேயே, அவ்வுழைப்பு ஒழுங்கமைக்கப்பட்ட முறை மாறியபோது கழகங்களின் விதியும் மாறியது.

பாடசாலை திறந்த வாயில்

ஐரோப்பியரின் வேலிக்குள் நின்ற ஆட்டத்தை இந்நாட்டவர்க்கு உரியதாக்கியது கழகமன்று, பாடசாலையே. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் பறங்கிய இனக் கல்வியாளர் 1891இல் கண்டியில் ஒரு பாடசாலையை நிறுவினார். பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர்பெற்ற அப்பாடசாலையிலேதான் இலங்கை மாணவர் முதன்முதலாக றக்பி பயின்றனர். 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் போகம்பரை மைதானத்திற் பொருதிய ஆட்டம் நாட்டின் முதலாவது பாடசாலைப் போட்டியாகும். அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1920இல் திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு ரோயல் கல்லூரிக்குமிடையே தொடங்கிய ஆட்டத்துக்கு, ரோயல் கல்லூரி அதிபராயிருந்த பிராட்பி 1945இல் வழங்கிய கேடயம் நாடளாவிய புகழைத் தேடித் தந்தது.

பாடசாலை விட்டு வெளியேறிய இளைஞர்க்குக் கழகம் வேண்டியிருந்தது. ஐரோப்பியர் கழகங்களின் கதவுகள் அடைபட்டிருந்தமையின் ஹவ்லொக் கழகமும், 1922இல் தோன்றிய இலங்கையர் றக்பி உதைபந்தாட்டக் கழகமும் கொழும்பில் அவர்களை ஏற்றன. 1925 தொடக்கம் 1927 வரை ஆளுநராயிருந்த ஹியூ கிளிபோர்ட் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய கிண்ணம், சுதந்திரத்துக்குப் பின்னர் கழகங்களுக்கிடையிலான தலையாய போட்டியாக அமைந்தபோது, டிக்கோயா, டிம்புல, ஊவா, கண்டி, களனிப் பள்ளத்தாக்கு ஆகியன கொழும்புக் கழகங்களை எதிர்த்து ஆடின.

அக்காலத்தில் தோட்டங்களிலும் மாற்றம் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் படிப்படியாகத் தாயகம் திரும்ப, கண்டியினதும் கொழும்பினதும் பெரும் பாடசாலைகளிலிருந்து வந்த இலங்கை இளைஞர் சின்னத்துரைமாராயினர். தோட்டக் கம்பனிகள் விளையாட்டுத் திறமையைத் தகுதியாகவே மதித்தன. இதனால் மலைநாட்டு அணிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்டக்காரர் கிடைத்தனர். ஆடுவோரின் நிறம் மாறியது. ஆடுவோர்க்கும் லயத்தில் வாழ்வோர்க்கும் இடையிலிருந்த தொலைவு மாறவில்லை. லயத்தில் வாழ்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. குடியுரிமையே தீர்மானிக்கப்படாத ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தங்கள் கண்ணெதிரே பச்சைப் பசேலெனக் கிடந்த மைதானத்தில் இடம் கேட்டிருத்தல் எங்ஙனம்?

கழகங்களின் தேய்வு

1972ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இரு கட்டங்களிலும் ஏறத்தாழ 10,00,000 ஏக்கர் நிலம் கைமாறியது. தோட்ட நிருவாகம் அரச கூட்டுத்தாபனங்களின் கீழ் வந்தது. எஞ்சியிருந்த ஐரோப்பியரும் புறப்பட்டனர். ஆட்டக்காரரெனத் தெரிந்து வேலைக்கமர்த்தும் பழைய வழக்கமும், வார இறுதிகளைக் கழகத்துக்கென ஒதுக்கும் வாழ்க்கை முறையும் தளர்ந்தன. தனித்தனியே பதினைவரைத் திரட்ட இயலாது டிம்புலவும் டிக்கோயாவும் இணைந்து ‘டிம்-டிக்’ என ஓரணியாய் ஆடும் நிலை ஏற்பட்டது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று வெல்வதையே பெருமையாகக் கருதிய இரு கழகங்கள் ஒரே சட்டையை அணிந்தமை அவற்றின் மெலிவுக்குச் சான்றாகும். கொழும்புக் கழகங்களும் படைத்துறை, பொலிஸ் அணிகளும் முன்னணியைக் கைப்பற்ற, தோட்டக் கழகங்கள் முதல்தரப் போட்டியிலிருந்து மெல்ல மறைந்தன.

நிலச்சீர்திருத்தம் ஒரு விளையாட்டை அழித்தது என்று இரங்குவோர் உளர். அவ்விரக்கம் காரணத்தையும் விளைவையும் மயங்கக் காண்பதாகும். தேயிலைத் துரைத்தனத்தை மட்டுமே ஊன்றுகோலாகக் கொண்ட கழகம், அவ்வூன்றுகோல் அகற்றப்பட்டதும் நிலைகுலைதல் இயல்பே. இதற்கு எதிர்ச்சான்று மலைநாட்டிலேயே உண்டு. 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகமும் தொடக்கத்தில் ஐரோப்பியர் கழகமாகவே இருந்தது. ஆயினும் அது நகரொன்றின் நடுவே, திரித்துவம், கிங்ஸ்வூட், புனித அந்தோனியார், தர்மராஜ முதலிய பாடசாலைகள் சூழ அமைந்திருந்தது. ஆண்டுதோறும் அப்பாடசாலைகள் புதிய ஆட்டக்காரரை அனுப்பின; நகர மக்கள் அணியைத் தமதென ஏற்றனர். ஆதலின் தோட்ட அமைப்பு மாறியும் அக்கழகம் நித்தவெல மைதானத்தில் தழைத்தது. 1990கள் தொடக்கம் நாட்டின் வெற்றிக்கிண்ணங்களைப் பன்முறை கைப்பற்றியது. கிங்ஸ்வூட் கல்லூரியின் மாணவரான பாசில் மரீஜா அக்கழகத்துக்காக ஆடி, தேசிய அணியின் தலைமையையும் ஏற்றமை இத்தொடர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகும். பிளேஸ் 1891இல் ஊன்றிய வித்து ஒரு நூற்றாண்டின் பின்னும் காய்த்தது எனலாம்.

கீழ்க்கரையில் இவ்வாட்டம் ஏன் வேரூன்றவில்லை?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கீழ்க்கரையில் றக்பிக்குரிய மாதங்கள் கச்சான் காற்று வீசும் மாதங்களாகும். வெயிலில் இறுகிய தரையில் வீழ்த்தியாடுதல் துன்பம் தருவதே. மழை பெய்யும் கார்த்திகை, மார்கழியிலோ மாவடிப்பள்ளியைச் சூழ்ந்த வயல்கள் வெள்ளக்காடாகும். ஆயினும் தட்பவெப்பத்தையே முழுமுதற் காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. ஊவாவிலும் அக்காலம் வறண்ட காலமே. பதுளையில் றக்பி ஆடினர் அல்லரோ?

பொருளாதார அமைப்பே அடிப்படை வேறுபாடு. கல்முனைக் கரையின் உயிர்நாடி நெல்லும் மீனும் தறியும் வாணிகமுமாகும். போடியாரும் வயற்காரரும் இவ்வூர்களின் மக்களே. அவர்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு இருந்தது. இருப்பினும் தோட்டத்துரைத்தனம் போன்று ஆட்டமும் மொழியும் தாயகமும் வேறாகக் கொண்ட ஓர் ஆளும் கூட்டம் இங்கு குடியிருக்கவில்லை. 1920களின் இறுதியில் மட்டக்களப்பை அடைந்த இருப்புப்பாதை அதற்குத் தெற்கே நீளவுமில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அம்பாறைப் பக்கத்தில் நீரையும் புதிய குடியேற்றங்களையும் கொணர்ந்தது, றக்பியைக் கொணரவில்லை. உதைபந்தாட்டமோ அறுவடை முடிந்த வயலிலும் கடற்கரை மணலிலும் ஒரு பந்தைக்கொண்டு ஆடத்தக்கது. ஊர் இளைஞர் கழகங்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டமை இயல்பாகும்.

இவற்றுக்கும் மேலான காரணம் பாடசாலை. கொழும்பு ஸாஹிராக் கல்லூரி றக்பி ஆடும் பாடசாலைகளுள் ஒன்று. 1949இல் தோன்றிய கல்முனை ஸாஹிராக் கல்லூரிக்குப் பெயரொற்றுமை கிடைத்தது. அவ்வாட்டத்தைப் பயிற்றும் மரபு கிடைக்கவில்லை. அத்தகைய மரபு கிடைத்தால் அந்நிய ஆட்டமும் கீழ்மாகாணத்தில் வேரூன்றும் என்பதற்கு மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரி சான்று. அங்கு பணியாற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவிகள், குறிப்பாக அருட்டந்தை யூஜின் ஹேபர்ட், கூடைப்பந்தாட்டத்தைப் பயிற்றி, அக்கல்லூரியை நாட்டில் முன்னணியில் நிற்கச் செய்தனர். பெருந்தோட்டமுமில்லை; துரைமார் கழகமுமில்லை. ஒரு பாடசாலையும் பொறுமை மிக்க ஆசிரியரும் போதுமாயிருந்தனர். 1990இல் அத்துறவி போர்ச்சூழலிற் காணாமற்போன பின்னரும் அவர் பயிற்றிய ஆட்டம் அவ்வூரை விட்டு அகலவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, டிக்கோயா, டிம்புல கழகங்கள் தேயிலையோடு பிறந்து, தேயிலை நிருவாகத்தோடு வளர்ந்து, அந்நிருவாகம் மாறியதும் தேய்ந்தன. அவற்றின் ஆட்டச் சிறப்பை எழுதும் வரலாறு, மைதானத்தைச் சமன்செய்த கைகளையும் எழுதினாலன்றி முழுமை பெறாது. இரண்டாவது, கண்டியிலும் மட்டக்களப்பிலும் நிலைத்தவை பாடசாலையின் வழியே ஊரைச் சென்றடைந்த ஆட்டங்களாகும்.

இவ்விரண்டாவது உண்மை இன்றைய சிற்றூர்க் கழகங்களுக்கும் உரியது. கல்முனைக் கரையில் ஊர்தோறும் கழகங்கள் உள்ளன. அவற்றுட் பல, செல்வர் ஒருவரின் நன்கொடையையோ அரசியலாளர் ஒருவரின் ஆதரவையோ நம்பித் தோன்றி, அவர் விலகியதும் பெயரளவில் எஞ்சுகின்றன. கல்கத்தாவிலும் டிக்கோயாவிலும் நிகழ்ந்ததன் சிறு வடிவமே இது. ஊர்ப் பாடசாலையின் பத்து வயதுச் சிறுவனுக்கு வாரம் இருமுறை பயிற்சியளிக்கும் ஒருவரை அமர்த்துவது, கிண்ணம் வாங்கிப் பெருவிழா எடுப்பதைக் காட்டிலும் கழகத்துக்கு நீண்ட ஆயுளைத் தரும். அச்சிறுவன் மாவடிப்பள்ளி வயற்கரையில் வாழ்பவனாயினும் தரவளை லயத்தில் வாழ்பவனாயினும், மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே அவனுக்கோர் இடம் வேண்டும்.